குகைத் தண்ணீர் விழுந்த துண்டு

என்னிடம் ஒரு பட்டுத் துண்டு இருக்கிறது. சந்தன நிறம், ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஜரிகை. என் கல்யாணத்துக்காக நானே என் தறியில் நெய்து போட்டுக்கொண்டது. கோயிலுக்குப் போகும்போதும் நல்லது கெட்டதுக்கும் மட்டும் தோளில் ஏறும். மற்ற நாளெல்லாம் பெட்டியில் கிடக்கும். அதன் நடுவில் ஒரு வெள்ளைத் தடம் இருக்கிறது. பட்டில் எந்தக் கறை பட்டாலும் எங்கள் தெருவில் யாராவது ஒருவருக்கு அதற்கு வழி தெரியும். இது கறை மாதிரி இல்லை. விரலால் தடவினால் உப்புப் பொடி ஒட்டிக்கொண்டது போலச் சொரசொரவென்று தட்டுப்படும். போன வாரம் சாயம் போடுகிறவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது சுண்ணாம்புபா. எலுமிச்சம்பழத்த அறுத்து லேசா தேய், பூடும்" என்றார். பழம் வாங்கி வந்தேன், அறுத்தும் வைத்தேன். அதற்கப்புறம் தேய்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் துண்டையும் பழத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பழத்தை எடுத்துக்கொண்டு போய் ரசத்தில் பிழிந்துவிட்டாள்.

அந்தத் தடம் என் தங்கையால் வந்தது. எனக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். கல்யாணம் ஆகிக் கொஞ்ச காலத்திலேயே காய்ச்சலில் கணவனைப் பறிகொடுத்து, குழந்தையும் இல்லாமல், எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். வந்த மறுநாள் காலையில் தறிக்கு எதிரே வந்து நின்று, "நானும் உக்கார்றேண்ணா" என்றாள். கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு ஆள் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று வருவதால், நான் ஊடை நூல் சுற்றிய நாடாவை ஓட்ட ஓட்ட, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இடத்தில் அவள் பல வருஷம் உட்கார்ந்தாள். நான் இருமினால்கூட எங்கே நிறுத்துவேன் என்று அவள் கைக்குத் தெரியும். என் பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள், என் மனைவியோடு சண்டை போட்டாள், சமாதானமும் ஆனாள். தெருவில் அவளைப் பற்றிப் பேசும்போது, "அண்ணன் வீட்டக் கட்டிப் பிடிச்சிக்கினு இருக்குது அந்தப் பொண்ணு" என்பார்கள். பெருமையாகத்தான் சொன்னார்கள் என்று அப்போது நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊரான முசரவாக்கத்திலிருந்து ஒரு பேச்சு வந்தது. மளிகைக் கடை வைத்திருப்பவர். மனைவி தவறிப்போய், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகளோடு இருப்பவர். என் மனைவியின் சித்தி மூலமாகக் கேட்டு அனுப்பினார்கள். என் மனைவிக்கு முழுச் சம்மதம். எனக்கு என்ன சம்மதம் என்று எனக்கே தெரியவில்லை. அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றும் இருந்தது, அவள் இல்லாமல் அந்தத் தறியை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்றபடியே, "உங்கண்ணன் எங்கம்மா உன்ன வுடப் போறாரு? கோர்வைக்கு ஆள் வேணாமா அவருக்கு?" என்று சிரித்தாள். தங்கை கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே, "வேணும்னா நீ வந்து உக்காரேன். வாய் ஓடற வேகத்துக்குக் கை ஓடினா மாசத்துக்கு மூணு பொடவ நெஞ்சி அறுக்கலாம்" என்றாள். அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் நான் கேட்டபோது தங்கை சிரிக்கவில்லை. "பூ வெச்சிக் கேட்டுட்டுச் சொல்றேண்ணா" என்றாள்.

பூ வைத்துக் கேட்பது எங்களில் வழக்கம். ஒரு காகிதத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து சாமி முன்னால் வைத்து, மனசில் கேட்டுக்கொண்டு ஒன்றை எடுப்பது. சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் வேண்டாம். சாமி சொன்னதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டோம். நான், "அப்ப ஏகாம்பரநாதர் சந்நிதியிலயே கேட்டுடலாமே" என்றேன். "வேணாம்ணா. நம்ம சாமிக்கு என்னைத் தெரியும், உன்னியும் தெரியும். மனசு பாப்பாரு. தெரியாத சாமிதான் ஞாயமா சொல்லும்" என்றாள். எங்கள் தெருக்காரர்கள் வருஷா வருஷம் வேன் வைத்துக்கொண்டு கோயில் பயணம் போவோம். அந்த வருஷம் ஆந்திராவில் மகாநந்தி, யாகந்தி. யாகந்தியில் நந்தி வளர்ந்துகொண்டே இருக்கிறது என்பார்கள். அங்கே கேட்பதாக முடிவாயிற்று. அவள் பூப்பொட்டலம் இரண்டையும் மஞ்சள் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். வேனில் இருந்த எல்லாருக்கும் விஷயம் தெரியும். வாய்விட்டு யாரும் கேட்காமல், எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மகாநந்தி பார்த்துவிட்டு வரும் வழியில் டிரைவர், "இங்க ஒரு குகை இருக்குது. ரொம்ப தூரத்துலருந்துலாம் வந்து பாக்கறாங்க, போலாமா?" என்றார். குகை என்றால் எங்களுக்கு வேறு நினைப்பே வராது. சித்தர் தவம் செய்த இடம், உள்ளே ஒரு சாமி இருக்கும், விளக்கு எரியும். பெண்கள் கற்பூரமும் தேங்காயும் எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் செருப்பை வேனிலேயே கழற்றிவிட்டு இறங்கினோம். நான் பட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நெற்றியில் விபூதியும் வைத்துக்கொண்டேன். அப்படியே வெயிலில் சுடும் தரையில் குதித்துக் குதித்துப் போய் நின்றால், அங்கே டிக்கெட் கொடுக்கும் ஜன்னல். ஐஸ்கிரீம் வண்டி. காலேஜ் பிள்ளைகள் செல்போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற வழிகாட்டி எங்கள் கால்களைப் பார்த்தார். சென்னையில் ஓட்டல் வேலை பார்த்தவராம், தமிழ் நன்றாகப் பேசினார். "செருப்பு எங்க? போட்டுக்கினு வாங்க. உள்ள வழுக்கும், கல்லு குத்தும்" என்றார். "சாமி இருக்கற எடத்துக்கு எப்பிடிங்க செருப்பு போட்டுக்கினு வரது?" என்று கேட்டேன். "சாமின்னா சாமி, கல்லுன்னா கல்லு. கால் உங்களோடது" என்றார்.

திரும்பிப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தோம். தேங்காய், கற்பூரத்தை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டார்கள். படி இறங்க இறங்க வெளிச்சம் பின்னால் போயிற்று. உள்ளே புழுக்கம், நெசவுக் குழியில் மழைக்காலத்தில் உட்கார்ந்த மாதிரி உடம்பெல்லாம் ஒட்டியது. சுவரில் மஞ்சள் விளக்குகள் போட்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் கல் கல்லாகவே இல்லை. ஒரு இடத்தில் பாவு நூலை விரித்துத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது, இன்னொரு இடத்தில் ஆலம் விழுது. வழிகாட்டி டார்ச்சை அடித்து, இது யானைத் தும்பிக்கை, இது ரிஷியின் தாடி என்று சொல்லிக்கொண்டே போனார். கூட்டத்தில் சிலர் கும்பிட்டார்கள், சிலர் படம் எடுத்தார்கள். ஒருவர் இரண்டையும் செய்தார். எனக்கு எங்கே கும்பிடுவது, எங்கே சும்மா பார்ப்பது என்று தெரியவில்லை. கையைக் குவிப்பேன், செருப்புக் காலோடு குவிக்கிறோமே என்று உடனே இறக்கிவிடுவேன்.

அப்படிப் போகும்போது ஒரு பக்கமாக ஒதுங்கிய சின்ன அறையில் அதைப் பார்த்தோம். இடுப்பளவு உயரம். யாரும் செதுக்காத லிங்கம். மேலே கூரையிலிருந்து ஒரு கல் கூம்பாக இறங்கி, அதன் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நேராக லிங்கத்தின் தலைமேல் விழுந்துகொண்டிருந்தது. வழிகாட்டி, "இது பாருங்க, சிவலிங்கம் மாதிரி. சுண்ணாம்புத் தண்ணி சொட்டிச் சொட்டி ஆனது" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தார். கூட்டமும் நகர்ந்தது. என் தங்கை நகரவில்லை.

இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஏகாம்பரநாதர் மணலால் ஆனவர். அம்பாள் மாமரத்தடியில் மணலைக் குவித்து லிங்கமாகப் பிடித்துப் பூஜை செய்தபோது, ஆறு பெருகி வந்தது. ஐயோ கரைந்துவிடுவாரே என்று அம்பாள் அவரைக் கட்டித் தழுவிக்கொண்டாள். அதனால் இன்றைக்கும் மூலவர்மேல் தண்ணீர் விடுவதில்லை. அபிஷேகமெல்லாம் கீழே பீடமாக இருக்கும் ஆவுடையாருக்குத்தான். லிங்கத்துக்குப் புனுகு சாத்துவார்கள். பேசத் தெரிந்த நாளிலிருந்து எங்களுக்கு இது தெரியும். சாமிமேல் தண்ணீர் படக்கூடாது என்பது எங்கள் கைகளுக்கே தெரியும். மற்ற ஊர்களில் குடம் குடமாக ஊற்றுகிறார்கள் என்பதும் தெரியும்தான், பார்த்தும் இருக்கிறோம். ஆனால் அங்கே குருக்கள் இருப்பார், மந்திரம் இருக்கும். இங்கே யாரும் இல்லாத இருட்டில், கேட்பாரில்லாமல், அவர் தலைமேல் சொட்டிக்கொண்டிருந்தது.

தங்கை கையை நீட்டினாள். உள்ளங்கையைக் குழித்து, லிங்கத்துக்கு மேலே பிடித்துக்கொண்டாள். தண்ணீர் கையில் விழுந்தது. கை நிறைந்து விரலிடுக்கில் ஒழுகியதும், என் தோளிலிருந்து துண்டை இழுத்து, நாலாக மடித்துக் கையில் வைத்து, மறுபடியும் நீட்டினாள். நான், "பாப்பா, என்ன பண்றே?" என்றேன். "கரைஞ்சிடுவாருண்ணா" என்றாள். "அவுரு கல்லும்மா." "நம்மவரும் இப்ப கல்லு மாதிரிதான் தெரியறாரு" என்றாள். கூட்டத்தின் சத்தம் தூரத்தில் போய்த் தேய்ந்தது. ஒவ்வொரு சொட்டும் பட்டில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் கண்ணை மூடவில்லை, உதடு அசையவில்லை. தறியில் உட்காரும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் அவள் பக்கத்தில் நின்றேன். நானும் ஒரு கை கொடுத்திருக்கலாம். கொடுத்தால் சரியா தவறா என்று யோசித்தே நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளே கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டுக் கூட்டம் திரும்பி வந்தது. முன்னால் வந்த எதிர்வீட்டு அம்மா, "இன்னாம்மா, இங்கியே குடித்தனம் பண்ணப் போறியா?" என்றாள். என் மனைவி அந்த அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தி அடக்கினாள். வழிகாட்டி வந்து பார்த்துத் திகைத்தார். "அம்மா, தொடக்கூடாது அதை."

"நான் எங்கங்க சாமியத் தொட்டேன்? தண்ணியத்தான் புடிக்கறேன்" என்றாள் தங்கை.

"அதையும் பிடிக்கக்கூடாதும்மா."

"எங்கூர்ல தண்ணி பட்டா சாமி கரைஞ்சிடுவாரு."

அவர் கோபப்படவில்லை. டார்ச்சை அணைத்துக் கையில் தட்டிக்கொண்டே, "இங்க தண்ணி பட்டாத்தான்மா சாமி. இந்தத் தண்ணிதான் இவரச் செஞ்சது. இன்னும் வளர்றாரு. நீங்க கையை வெச்சிக்கினே நின்னா அப்பிடியே நின்னுடுவாரு" என்றார்.

தங்கை அவரைப் பார்த்தாள், மேலே கூரையைப் பார்த்தாள், அப்புறம் கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். அடுத்த சொட்டு லிங்கத்தின் தலையில் விழுந்து தெறித்தது. அது விழும்போது அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒன்று. பிறகு திரும்பி, ஈரத் துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு, எங்களுக்கு முன்னால் படியேறிப் போய்விட்டாள்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. நிழலில் நின்று நன்னாரி சர்பத் வாங்கிக் குடித்தோம். அவள் தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்தாள். "அண்ணா, முசரவாக்கத்துக்குச் சொல்லி அனுப்பிடு" என்றாள். "என்னான்னு?" என்றேன். "வரச் சொல்லு" என்றாள். என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். நான் துண்டைப் பிழிந்தேன். ஏற்கெனவே பிழிந்த துண்டைத்தான் பிழிந்தேன் போலிருக்கிறது, ஒரு சொட்டும் வரவில்லை.

மறுநாள் யாகந்தியில் நந்தியைச் சுற்றி வந்தோம். அவள் இடுப்பிலிருந்த மஞ்சள் துணியை எடுத்து என் மனைவி கையில் கொடுத்துவிட்டுக் குளத்துப் பக்கம் போய்விட்டாள். நான் மெதுவாக, "ஒரு வார்த்த கேட்டுடலாமே. அங்க பூஜையா புனஸ்காரமா, ஒண்ணும் கெடையாது. டிக்கெட் வாங்கிக்கினு, செருப்பு போட்டுக்கினு போன எடம். அங்க வந்த பதில எப்பிடி நம்பறது?" என்றேன். என் மனைவி துணியை மார்போடு பிடித்துக்கொண்டாள். "அவ சொல்லிட்டா. வெள்ளப் பூ வந்தா அவகிட்ட போய் நீங்க சொல்லுவீங்களா?" என்றாள். இரண்டு பொட்டலத்தையும் பிரிக்காமல், எடுக்காமல், அப்படியே சாமி பாதத்தில் வைத்துவிட்டு வந்தோம். சாமி என்ன சொல்லியிருப்பார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

கல்யாணம் நடந்தது. போனாள். முதல் ஒரு வருஷம் நன்றாக இல்லை. அவருடைய பெண் இவளோடு பேசவில்லை. இவள் வைத்த சாப்பாட்டைத் தொடாமல் கடைக்குப் போய் பிஸ்கெட்டைப் பிரித்துத் தின்னுமாம். தங்கை வாரம் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து தறியடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அப்போதெல்லாம் நான், அன்றைக்குக் கையை எடுக்காமலே இருந்திருந்தால் என்று நினைப்பேன். அப்புறம் எப்படியோ சரியாயிற்று. எப்போது, எதனால் என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்று, "மாமா, அம்மா இங்க வந்தாங்களா?" என்றது. மாமா என்று என்னை அழைத்ததா, அம்மா என்று அவளைச் சொன்னதா, எது என்னைத் தூக்கிவாரிப் போட்டது என்று தெரியவில்லை. கோர்வைக்கு இப்போது என் மனைவி உட்காருகிறாள். அவளுக்கு வேகம் போதாது. அதைச் சொன்னால் எனக்கு ரசம் கிடைக்காது.

ஏகாம்பரநாதர் முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்தக் குகை ஞாபகத்துக்கு வருகிறது. இங்கே தண்ணீர் பட்டால் கரைகிறவர், அங்கே தண்ணீர் பட்டால் வளர்கிறவர்; இருவரும் ஒருவர்தான் என்றால், நாங்கள் எதைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்? கட்டிப் பிடித்துக் காத்த அம்பாளைத்தானே கும்பிடுகிறோம். கையை எடுத்தவளை என்னவென்று சொல்வது? ஒருநாள் தாங்காமல் குருக்களிடமே கேட்டேன். முழுதும் காதில் வாங்கிக்கொண்டுதான் பதில் சொன்னார்: "எல்லாம் அவன்தான். சித்த நகர்ந்து நில்லுங்கோ, பின்னாலே மறைக்கறது." நகர்ந்து நின்றேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். எனக்குத்தான் பிடிபடவில்லை.

போன மாதம் தங்கை வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. "தாய்மாமன் எடத்துல நீதாண்ணா நிக்கணும். அந்தச் சந்தனக் கலர் துண்டப் போட்டுக்கினு வா" என்றாள். பெட்டியைத் திறந்து எடுத்துக் காட்டினேன். நடுவில் அந்தத் தடம். அவள் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "இன்னும் இருக்குதா இது" என்றாள். அன்றைக்குத்தான், இத்தனை வருஷம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "பாப்பா, அன்னிக்கு அங்க சாமி உனக்கு என்னாதான் சொன்னாரு?"

அவள் துண்டை மடித்து என் கையில் வைத்தாள். "சாமி எங்கண்ணா சொன்னாரு? அந்த ஆள் பேசினது பாதி காதுலயே வுழல. கை வலிச்சிது. எடுத்துட்டேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கை வலித்தது என்றால் என்ன அர்த்தம் என்று அவள் போனதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கொஞ்ச நேரம் நீட்டியிருந்த கையா, அதற்கு முன்னால் இத்தனை வருஷம் என் தறியில் நீட்டியிருந்த கையா? வலிப்பதும் சாமி சொல்வதுதானா? அம்பாளுக்குக் கை வலித்திருக்குமா? கேட்டால் தப்பாகிவிடுமோ என்று யாரிடமும் கேட்கவில்லை. எலுமிச்சம்பழம் மறுபடியும் வாங்கவில்லை. கல்யாணத்துக்கு அந்தத் துண்டைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன். அதுமட்டும் முடிவாகிவிட்டது. தடம் வெளியே தெரிகிற மாதிரி மடிப்பதா, உள்ளே போகிற மாதிரி மடிப்பதா என்று தினமும் எடுத்து மடித்து மடித்துப் பார்க்கிறேன். இன்னும் தெரியவில்லை.